சட்டை உரிக்கும் பியர்டட் டிராகன்... கை வைக்காதீர்கள், கவனித்துப் பாருங்கள்!

"அம்மாச்சி, தொடாதீங்க! அதுவா உதிரும்."

"அட, நகத்தால லேசா ஒரு இழுப்பு இழுத்தா வந்துடும்டி. இல்லேன்னா ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் தடவு. எப்படி வறண்டு கெடக்கு பாரு!"

சிட்னியில் தமிழர்கள் அதிகம் வாழும் வென்ட்வொர்த்வில் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஓர் உரையாடல் நடப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். மதுரையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் பாட்டிக்கும் பத்து வயதுப் பேத்திக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே, விளக்கு வெளிச்சத்தில் மரக்கட்டை மேல் படுத்திருக்கிறது ஒரு முழ நீளப் பியர்டட் டிராகன். அதன் முதுகில் வெங்காயச் சருகு போல வெள்ளையாகத் தோல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பார்க்கிற யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும்.

யார் சொல்வது சரி? பேத்தி சொல்வதுதான். உரியும் தோலைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஆனால், 'ஏதோ சரியில்லை' என்ற பாட்டியின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. ஏனென்றால், பியர்டட் டிராகனின் உடலில் உரிவதெல்லாம் சட்டை அல்ல. சில நேரம் அது நோய். சட்டை என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டே நாளைக் கடத்தினால், செல்லப் பிராணியின் உயிரே போய்விடலாம். இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

நம்ம ஊர் ஓணானின் உறவுக்காரர்

பியர்டட் டிராகன் என்றால் 'தாடி வைத்த டிராகன்'. கோபமோ பயமோ வந்தால் தொண்டைக்குக் கீழே உள்ள முள் முள்ளான தோலை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும். அந்தத் தாடிதான் பெயருக்குக் காரணம். பாட்டி இதைப் பார்த்ததும் 'நம்ம ஊரு ஓணான்தானே' என்று சொன்னால் அதுவும் உண்மையே. நம் வேலியோரத்து ஓணானும் இதுவும் 'அகாமிடே' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

உலகெங்கும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் இனத்தின் அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். ஆஸ்திரேலியாவின் கிழக்கு, மத்தியப் பகுதிகளில் உள்ள வறண்ட உள்நாடுதான் இதன் பூர்விகம். பாறை மேலும் வேலிக் கம்பத்தின் மேலும் ஏறி உட்கார்ந்து வெயில் காயும். ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இன்று விற்கப்படுபவை அங்கேயே தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பெருக்கப்பட்டவை. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீட்டில் ஒன்றை வளர்க்கக்கூட அரசு உரிமம் வாங்க வேண்டும்.

வறண்ட நிலத்து வெயிலுக்காகவே அமைந்த தோல் இது. அந்த வெயிலையும் வறட்சியையும் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவர முயல்கிறோம். அதில் எங்கே குறை வைத்தாலும் தோல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

சட்டை உரிவது எப்படி?

மனிதர்களின் தோலும் உரிந்துகொண்டேதான் இருக்கிறது. தூள் தூளாக உதிர்வதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊர்வன அப்படியல்ல. பழைய மேல்தோலுக்கு அடியில் முழுதாக ஒரு புதுத் தோல் தயாராகும். அது முடிந்ததும் இரண்டுக்கும் நடுவில் திரவம் சுரந்து, பழையதைப் புதியதிலிருந்து பிரித்துவிடும். அதற்குப் பிறகுதான் பழைய சட்டை கழலும்.

பாம்பு, ஒரே சட்டையாகத் தலை முதல் வால் வரை கழற்றிப் போட்டுவிட்டுப் போகும். பியர்டட் டிராகன் துண்டு துண்டாகக் கழற்றும். இன்று தலை, நாளை முதுகு, அடுத்த வாரம் வால் என்றுகூட நடக்கும். பாதி உடல் பளிச்சென்றும் பாதி உடல் அழுக்குப் போலவும் இருந்தால் பயப்பட வேண்டாம். அது இயல்பு.

வளரும் குட்டிகள் சில வாரங்களுக்கு ஒரு முறை சட்டை உரிக்கும். உடல் பெருக்கப் பெருக்கப் பழைய சட்டை போதாது, அவ்வளவுதான். வளர்ந்தவை வருடத்துக்குச் சில முறைதான் உரிக்கும். உரிவதற்குச் சில நாள்கள் முன்பு நிறம் மங்கி, சாம்பல் பூசியது போலாகும். கண்களைப் பிதுக்கிக் காட்டும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போவார்கள். உண்மையில், கண்ணைச் சுற்றியுள்ள பழைய தோலைத் தளர்த்த அது செய்யும் வேலை அது. சாப்பாடு கொஞ்சம் குறையும். தூக்கப் போனால் எரிச்சல்படும். கல்லிலும் கட்டையிலும் உடம்பைத் தேய்க்கும். இவையும் இயல்பே.

இழுத்தால் என்ன ஆகும்?

விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்காக அடிப்பகுதியும் பிரிந்துவிட்டது என்று பொருளில்லை. ஆறாத புண்ணின் பொருக்கை உரிப்பது போலத்தான் இது. அடியில் இருக்கும் புதுச் செதில் முற்றியிருக்காது. இழுத்தால் அதுவும் சேர்ந்து கிழியும், ரத்தம் கசியும், அந்த வாசல் வழியே கிருமி நுழையும். கண் இமை, மூக்குத் துவாரம், காது ஆகிய இடங்களில் கை வைப்பது இன்னும் ஆபத்து.

அப்படியானால் எதுவுமே செய்யக் கூடாதா? செய்யலாம். இளஞ்சூடான தண்ணீரில் குளிக்க வைக்கலாம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் முன் முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அதே சோதனைதான். சுடக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. தண்ணீர் அதன் முன்னங்காலின் முட்டியைத் தாண்ட வேண்டாம். 10 முதல் 15 நிமிடம் போதும். அந்த நேரம் முழுக்க ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால், செதில் போகும் திசையிலேயே மெதுவாக வருடலாம். தானாக வருவது வரட்டும். வராததை விட்டுவிட வேண்டும். துண்டால் ஒற்றி எடுத்து, உடனே விளக்குச் சூட்டில் விட வேண்டும். ஈரத்தோடு குளிரில் விடக் கூடாது.

தேங்காய் எண்ணெய்? தலைமுடிக்கு நல்லதுதான். இங்கே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் மணலும் தூசியும் ஒட்டும். அதைவிட முக்கியமாக, அடியில் இருப்பது நோய் என்றால் எண்ணெய்ப் பளபளப்பு அதை மறைத்து, மருத்துவரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடும்.

மோதிரம் இறுகினால் விரல் போகும்

முதுகில் கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தால் பெரிய நஷ்டமில்லை. விரலிலும் வால் நுனியிலும் ஒட்டியிருந்தால் கதை வேறு. அங்கே பழைய தோல் வளையமாக நின்றுவிடும். காய்ந்ததும் சுருங்கும். அடுத்த முறை உரியும்போது அதன் மேல் இன்னொரு வளையம் சேரும். சின்ன வயதில் போட்ட மோதிரம் விரல் பருத்த பிறகு இறுக்குவது போல, ரத்த ஓட்டம் தடைபடும். முதலில் விரல் வீங்கும். பிறகு கறுத்து, காய்ந்து, உயிரற்றுப் போகும். வாலில் இது நடந்தால் கருமை நுனியிலிருந்து மேல் நோக்கி ஏறும். சில பல்லிகளுக்கு அறுந்த வால் மறுபடி முளைக்கும். பியர்டட் டிராகனுக்கு முளைக்காது. கறுத்த பகுதியை மருத்துவர் வெட்டியெடுக்க வேண்டிய நிலைகூட வரலாம்.

அதனால், ஒவ்வொரு முறை சட்டை உரிந்து முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நான்கு காலின் விரல்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வால் நுனியைப் பாருங்கள். வளையம் இருந்தால் சில நாள்கள் தொடர்ந்து இளஞ்சூட்டுக் குளியல் கொடுங்கள். அப்படியும் போகவில்லை என்றாலோ, வீக்கம் தெரிந்தாலோ, கத்தரியும் சாமணமும் எடுக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஒட்டிக்கொள்வது ஏன்?

ஆரோக்கியமான பியர்டட் டிராகன் யார் உதவியுமின்றிச் சட்டையைக் கழற்றிவிடும். திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டால், குறை பெரும்பாலும் அது இருக்கும் தொட்டியில்தான் இருக்கிறது.

முதலில் வெளிச்சம். அதற்கு வேண்டியது வெறும் வெளிச்சமல்ல, யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர். அது இருந்தால்தான் உடலில் வைட்டமின் டி3 உருவாகி, சாப்பிடும் கால்சியம் எலும்பில் சேரும். ஜன்னல் ஓர வெயில் இதற்கு ஈடாகாது, ஏனென்றால் கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும். இன்னொரு ஏமாற்றமும் உண்டு. யு.வி.பி. விளக்கு பழசானாலும் கண்ணுக்குப் பளிச்சென்றே எரியும். கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும். வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாட்டிய தேதியை விளக்கின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டால் மறக்காது.

அடுத்து சூடு. வெயில் காயும் இடம் சுமார் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர் மூலை சுமார் 25 டிகிரி. வேண்டும்போது சூட்டுக்கும் நிழலுக்கும் அது மாறி மாறிப் போக வேண்டும். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 40 சதவிகிதம் போதும். இதற்கும் மிகக் குறைந்தால் தோல் காய்ந்து ஒட்டும். சட்டை உரியவில்லையே என்று தினமும் தொட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்தால், பூஞ்சைக்கு விருந்து வைத்தது போலாகும்.

மூன்றாவது சாப்பாடு. வைட்டமின் 'ஏ' குறைந்தால் தோல் சரியாக உரியாது. வெறும் புழுவையும் வெட்டுக்கிளியையும் கொடுக்காமல் கீரை வகைகள், பரங்கிக்காய், கேரட் துருவல் என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்காக வைட்டமின் 'ஏ' மருந்தை அளவின்றிக் கொடுத்தாலும் ஆபத்து. அளவு மீறினால் தோல் வெந்தது போல் கழன்றுவிடும்.

கடைசியாக, உரசிக்கொள்ள ஒரு சொரசொரப்பு. வழவழப்பான தொட்டியில் அது எதில் தேய்க்கும்? ஒரு கல்லும் மரக்கட்டையும் வைத்தால் போதும்.

சட்டை மாதிரி தெரியும் எமன்

இப்போது பாட்டியின் கவலைக்கு வருவோம். ஊர்வன மருத்துவர்கள் பியர்டட் டிராகனிடம் மிகவும் அஞ்சும் தோல் நோய்க்கு, வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மஞ்சள் பூஞ்சை நோய்'. வீட்டுப் பிராணிகளில் இதற்குப் பெரும்பாலும் காரணமாவது நன்னிசியோப்சிஸ் குவாரோய் என்ற பூஞ்சை.

தொடக்கத்தில் இது உரியாத சட்டை போலவே இருக்கும். தாடையிலோ, காலிலோ, வயிற்றிலோ சில செதில்கள் மட்டும் மஞ்சளாக அல்லது பழுப்பாகும். பொருக்குத் தட்டும். பொருக்கு விழுந்தால் அடியில் புதுச் செதில் இருக்காது, புண் இருக்கும். பிறகு பரவும், ஆழமாக இறங்கும். தசைக்கும் எலும்புக்கும்கூடப் போகும். கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் மரணம்தான். ஒரு ஊர்வனவிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றவும் செய்யும்.

கண்ணால் பார்த்து மட்டும் இதை உறுதி செய்ய முடியாது. மருத்துவர் தோலில் சிறு துண்டு எடுத்து, திசுப் பரிசோதனைக்கும் பூஞ்சை வளர்ப்புக்கும் பி.சி.ஆர். சோதனைக்கும் அனுப்புவார். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். மருந்தையும் வீட்டில் முடிவு செய்ய முடியாது. பெல்ஜியம் நாட்டு கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், இதே பூஞ்சை வகை தொற்றிய பியர்டட் டிராகன்களுக்கு வோரிகோனசோல், இட்ராகோனசோல் என்ற இரு பூஞ்சை மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். இட்ராகோனசோலைவிட வோரிகோனசோலே பாதுகாப்பானது என்று தெரிந்தது. இரண்டும் பூஞ்சை மருந்துதானே என்று வீட்டில் இருப்பதைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே சாட்சி.

இதே குடும்பத்துப் பூஞ்சை ஆஸ்திரேலியாவின் காட்டுப் பல்லிகளிடமும் காணப்பட்டிருக்கிறது. நன்னிசியோப்சிஸ் பார்பாடே என்ற இனம் முதலில் கூண்டில் வளர்ந்த கடலோரப் பியர்டட் டிராகன்களிடம் கண்டறியப்பட்டது. 2013 முதல் பிரிஸ்பேன் நகரப் பூங்காவில் சுதந்திரமாகத் திரியும் வாட்டர் டிராகன்களின் உடலிலும் புண்கள் தென்பட்டன. அதற்கும் இந்தப் பூஞ்சையே காரணம் என்று 2020-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 'வளர்க்க முடியவில்லை, பூங்காவில் விட்டுவிடலாம்' என்று ஒருவர் நினைத்தால், அது கருணையாகத் தோன்றலாம். நோயுள்ள ஒன்றை வெளியே விட்டால், காட்டில் இருப்பவற்றுக்கும் அந்த நோயைக் கொடுத்தனுப்புகிறோம்.

புதிதாக ஒன்றை வாங்கி வந்தால், பழையதோடு சேர்க்காமல் குறைந்தது சில வாரங்களாவது தனி அறையில், தனிப் பாத்திரங்களோடு வைத்துப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

எது சட்டை... எது நோய்?

* உரியும் சட்டை வெள்ளை அல்லது சாம்பல் நிறம். மஞ்சள், பழுப்பு, கறுப்புப் பொருக்கு என்றால் சந்தேகப்படுங்கள்.
* சட்டை விழுந்த இடம் முன்பைவிடப் பளிச்சென்று இருக்கும். நோய் விழுந்த இடம் சிவந்து, கசிந்து, குழிந்து இருக்கும்.
* சட்டை இடம் மாறும், சில நாள்களில் முடியும். நோய் அதே இடத்தில் நின்று பெரிதாகும்.
* அடிவயிற்றில் திடீர்ப் புண் என்றால் சூட்டுக் காயமாக இருக்கலாம். வெயில் மேலிருந்து வரும் என்று பழகிய உயிர் இது. அடியில் வைக்கும் மின்சாரச் சூட்டுக் கல் சுட்டாலும் சட்டென்று விலகத் தெரியாது. அந்தக் கல்லே வேண்டாம்.
* கண் ஓரத்திலும் கால் இடுக்கிலும் நகரும் கறுப்பு, சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை உண்ணிப் பூச்சிகள். வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.
* வயிற்றில் வந்து மறையும் கறுப்புக் கோடுகளும் கறுக்கும் தாடியும் நோயல்ல. பயம், குளிர், கோபத்தின் அடையாளம்.

அழகுக்காக இழந்த செதில்

விற்பனைச் சந்தையில் 'சில்க்பேக்' என்ற பெயரில் செதிலே இல்லாத பியர்டட் டிராகன்கள் வருகின்றன. தொட்டால் பட்டுப் போல இருக்கும், பார்க்கப் பல நிறத்தில் மின்னும். செதிலை உருவாக்கும் மரபணு ஒன்றில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம். 2016-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் செதிலற்ற டிராகன்களின் உதவியோடுதான், ஊர்வனவற்றின் செதில், பறவையின் இறகு, பாலூட்டிகளின் முடி மூன்றும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்று காட்டினார்கள்.

அறிவியலுக்கு அது பெரிய லாபம். அந்த உயிருக்கோ வாழ்நாள் முழுக்க அவதி. கவசம் இல்லாததால் தோல் சீக்கிரம் காயும், சின்ன உரசலில் கிழியும், சட்டை சரியாகக் கழலாது. வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

கையைக் கழுவிவிட்டீர்களா?

ஆரோக்கியமாகத் தெரியும் பியர்டட் டிராகனின் குடலிலும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். இவற்றிடமிருந்து மனிதர்களுக்கு இந்தத் தொற்று பரவியதைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. பலமுறை எச்சரித்திருக்கிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் முதியவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இதனால் அதிகம் பாதிக்கப்படலாம். அதனால் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குளியலுக்குத் தனிப் பாத்திரம் வேண்டும். சமையலறைத் தொட்டியில் குளிப்பாட்டவே கூடாது. உரிந்து விழுந்த தோலையும் வெறும் கையால் பொறுக்க வேண்டாம்.

மறுபடி அந்த வீட்டுக்குப் போவோம்...

பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். பேத்தி சொன்னபடி விரல்களை எண்ணிப் பார்த்தாகிவிட்டது. இருபது விரல்களும் சரி. வால் நுனியும் சரி. முதுகுச் சட்டை தானாக உதிரட்டும். அப்போதுதான் பாட்டியின் கண் தாடைக்கு அடியில் போகிறது.

"இது என்னடி மஞ்சளா? எத்தனை நாளா இருக்கு?"

பேத்திக்குத் தெரியவில்லை. ஆனால், அம்மாவின் செல்போனில் படங்கள் இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு முந்தைய படத்தில் அங்கே கடுகளவு ஒரு புள்ளி. இன்று அது மிளகைவிடப் பெரிது. முதுகில் உரிந்த வெள்ளைச் சருகைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாடைக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

இந்தப் படங்கள்தான் மருத்துவருக்கு முதல் மருந்துச்சீட்டு. சட்டை உரியும் ஒவ்வொரு முறையும் முதுகு, வயிறு, தாடை, நான்கு கால், வால் என ஒரு சுற்றுப் படம் எடுத்து வையுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் ஊர்வனவற்றில் பயிற்சி இருக்காது. பயிற்சி உள்ளவர் யார், எங்கே இருக்கிறார் என்பதைப் பிராணி நன்றாக இருக்கும்போதே விசாரித்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வலிக்கிறது என்று கத்தத் தெரியாத உயிர் அது. சொல்ல வேண்டியதையெல்லாம் தோலில்தான் எழுதிக் காட்டும். அம்மா மருத்துவமனைக்கு போன் செய்துகொண்டிருக்கிறார். பேத்தி சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடுகிறாள்.

"அம்மாச்சி, நீங்களும் வாங்க. கை கழுவணும்!"